நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஆட்டோவால் காபன் குறையுமா? திருகோணமலைக்கு ஒரு கணக்கு

கேள்வி இதுதான்: "என் தம்பி நிலாவெளிப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறான். மின் ஆட்டோவுக்கு மாறலாமா என்று யோசிக்கிறான். நம்முடைய மின்சாரமே நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது, பிறகு மாறி என்ன பயன்? 2050இல் காபன் நடுநிலை, அதாவது வெளியே விடும் காபனும் திரும்ப உறிஞ்சப்படும் காபனும் சமமாவது, என்று நாடு சொல்லியிருக்கிறது. திருகோணமலை மாதிரி ஒரு மாவட்டம் அதற்காக உண்மையில் எதைச் செய்ய வேண்டும்?"

ஆட்டோவில் காபன் குறையும், கணக்கோடு காட்டலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே பிறகு போவோம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.31 கிலோ காபனீரொட்சைட்டு வெளியே போகிறது. டீசல் என்றால் 2.68 கிலோ. நாலு ஸ்ட்ரோக் ஆட்டோ லீற்றருக்கு 25 கி.மீ. ஓடுகிறது என்று வைப்போம். நாளொன்றுக்கு 100 கி.மீ. ஓடினால் 4 லீற்றர், அதாவது 9.2 கிலோ. அதே தூரத்தை மின் ஆட்டோ ஓட, சுவரில் சொருகும் இடத்தில் அளந்தால் 7 யூனிற் அளவு போகும். நிலக்கரி மின்நிலையத்தில் ஒரு யூனிற்றுக்கு ஏறக்குறைய 1 கிலோ காபனீரொட்சைட்டு. கம்பியில் வரும் வழியில் பத்திலொரு பங்கு வீணாகிறது என்று சேர்த்தாலும் 7.7 கிலோதான். ஒவ்வொரு யூனிற்றும் நிலக்கரியில் இருந்தே வந்தாலும் பெற்றோலைவிடக் குறைவு. பெற்றோலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே சில்லைச் சுற்றுகிறது, மீதி சைலன்சர் வழியாகவும் என்ஜின் சூடாகவும் போய்விடுகிறது என்பதே காரணம். உண்மையில் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நாட்டு மின்சாரத்தின் ஒரு பகுதி மட்டுமே. நீர்மின், காற்று, சூரியன் எல்லாம் கலந்துதான் வீட்டுக்கு வருகிறது. மலைநாட்டில் மழை நன்றாகப் பெய்தால் அந்த 7.7 இன்னும் நன்றாகக் குறையும்.

இதைவிட முக்கியம், எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பது. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரியப் பலகை வைத்தவர்களைப் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன, வெயில் கொளுத்தியது, வந்த மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை. அதே நாட்டில் மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் போடும்போது எண்ணெயில் ஓடும் மின்நிலையங்களை எழுப்ப வேண்டியிருக்கிறது. கட்டண அட்டவணையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம் என்று பிரித்து, அதற்கு மிகக் கூடிய விலை வைத்திருப்பது இதனால்தான். உங்கள் தம்பி இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பிளக்கைச் சொருகினால் எண்ணெயை எரிக்க வைக்கிறார். முற்பகல் பத்து மணிக்குச் சொருகினால் வீணாகப் போகும் வெயிலைக் குடிக்கிறார். வண்டி ஒன்றே, காபன் வேறு.

அது நடைமுறையில் முடியுமா? ஆட்டோக்காரருக்கு நாளில் இரண்டு நெருக்கடிகள் உண்டு. காலை 7.30க்கு முன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது ஒன்று, 1.30க்கு பள்ளி விட்டதும் அவர்களை அழைத்து வருவது மற்றொன்று. "மதியம் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடுங்கள்" என்று வெளியூரில் இருந்து வந்து சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நமக்குப் பொருந்துவது காலை 9.30 முதல் 12.30 வரை. 1.5 கிலோவாற் சார்ஜரில் மூன்று மணி நேரம் போட்டால் 4.5 யூனிற் ஏறும், அது 60 கி.மீ.க்கு மேல் வரும். ஆட்டோத் தரிப்பிடங்களில் நிழலும் நாலு சொக்கற்றும் ஒரு மீற்றரும் வைத்துக் கொடுப்பது நகரசபையும் பிரதேச சபைகளும் கையில் எடுக்கக்கூடிய வேலை. காலநிலைக்கு என்று ஒதுக்கும் பணத்தில் இதைவிட மலிவாகக் காபனைக் குறைக்கும் வேலை அதிகம் இல்லை என்பது என் கருத்து.

வீட்டிலேயே சார்ஜ் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் முதல் பில் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்தில் 180 யூனிற்றைத் தாண்டினால் உச்சப் படி, நிலையான கட்டணமும் கூடும். நாளுக்கு 7 யூனிற், மாதம் 26 நாள் என்றால் 182 யூனிற். ஏற்கெனவே வீட்டுக்கு 90 யூனிற் போகிறதென்றால், ஆட்டோ குடிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி மேல் படிகளில் போய் விழும். அதனால் வண்டி வாங்குவதற்கு முன்பே மின்சார சபையில் நேரத்துக்கு நேரம் மாறும் கட்டண முறையைக் கேளுங்கள். அல்லது 550 வாற் பலகை நாலு போடுங்கள். 2.2 கிலோவாற், கூரையில் பத்துப் பதினொரு சதுர மீற்றர் இடம் பிடிக்கும், நல்ல வெயில் நாளில் எட்டு யூனிற் வரை தரும். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய், மின்சாரம் யூனிற் 50 ரூபாய் என்று வைத்தால், நாளுக்கு 1,200 ரூபாய் 350 ஆகிறது. மிச்சம் 850, மாதத்துக்கு 22,100. வண்டியை மாற்றும் செலவை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரிந்துவிடும். விலைகள் மாறும்போது இந்த இரண்டு எண்களை மட்டும் மாற்றிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இனி பற்றரி. ஈய அமிலப் பற்றரி போட்ட மலிவு வண்டியை வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். 48 வோல்ற், 100 அம்பியர் மணி என்றால் எழுத்தில் 4.8 யூனிற் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் தகடு கெடும், ஆகவே கையில் கிடைப்பது 2.4தான், 40 கி.மீ. கூட வராது. வாடகைக்கு ஓடுபவர் தினமும் அதை அடிவரை இறக்குவார், பற்றரி சீக்கிரமே படுத்துவிடும். லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகையில் 16 செல், 51.2 வோல்ற், 150 அம்பியர் மணி என்றால் 7.7 யூனிற். 100 கி.மீ. ஓடியும் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். இரண்டாயிரம் தடவை ஏற்றி இறக்கிய பிறகும் பொதுவாகப் பழைய கொள்ளளவில் 80 சதவீதம் நிற்கும். வருடத்துக்கு 312 நாள் ஓட்டினால் ஆறு வருடம்.

அந்த ஆறு வருடத்தைத் திருகோணமலையில் தின்பவை இரண்டு: கச்சான் காற்றோடு வரும் வெக்கை, கடல் உப்பு. வெயிலில் ஓடி வந்த வண்டியை அப்படியே சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் நிழலில் விடுங்கள். செல் 45 பாகைக்கு மேல் இருக்கும்போது ஏற்றினால் ஆயுள் குறையும். உப்பின் வேலை கண்ணுக்குத் தெரிவது. பற்றரி முனையில் வயர் இறுகும் செப்புக் காதில் பச்சைப் பூப்பு பிடிக்கும், மழைக்காலம் ஒன்று போனால் போதும். அந்த இடத்தில் தடை ஏறும், சூடேறும், இறுக்கிய நட்டு தளரும், ஒருநாள் மேட்டில் ஏறும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி வண்டியை நிறுத்திவிடும். ஓட்டுநர் "பற்றரி போய்விட்டது" என்பார். பற்றரிக்கு ஒன்றும் இருக்காது. வெள்ளீயம் பூசிய செப்புக் காது, மேலே கிறீஸ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நட்டை இறுக்கிப் பார்ப்பது, இதுதான் மருந்து.

சொக்கற்றிலும் இதே நோய்தான். பழைய 13 அம்பியர் சதுரப் பின் சொக்கற்றுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி உப்பில் தளர்ந்திருந்தால், சில மணி நேரம் தொடர்ந்து மின்னோட்டம் போகும்போது பிளக்கின் ஒரு பின்னைச் சுற்றி முதலில் தவிட்டு நிறம் ஏறும், பிறகு பிளாஸ்ரிக் உருகும் மணம் வரும். தேநீர்க் கேத்தல் மூன்று நிமிடத்தில் நின்றுவிடுவதால் அந்தச் சொக்கற் இவ்வளவு காலம் தப்பியிருக்கிறது. ஆட்டோவுக்கு, மீற்றர் பலகையில் இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி இணைப்பு, 16 அம்பியர் பிறேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி மணல் வறண்ட மாதங்களில் மின்னை நன்றாகக் கடத்தாது. ஒரு புவித்தொடுப்புக் கம்பி போதாவிட்டால் இரண்டாவது அடியுங்கள், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர், 7 கிலோவாற் சார்ஜர் 32 கேட்கும். சார்ஜரை 16க்கு இறக்கி வையுங்கள், அல்லது மூன்று கட்ட இணைப்பு எடுங்கள்.

பழைய ஆட்டோவின் என்ஜினைக் கழற்றி மோட்டார் போடுவதும் நல்ல வழிதான், புதிய வண்டிக்கு அந்நியச் செலாவணி போவதில்லை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் காப்புறுதி கை கொடுக்காது. என்ஜின் பிடிப்பு இல்லாததால் இறக்கத்தில் பிறேக் மட்டுமே தாங்கும். மாற்றும் அன்றைக்கே பிறேக் சப்பாத்தையும் புதிதாகப் போடுங்கள். உவர்மலை இறக்கத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பரீட்சித்துப் பார்க்காமல் பணத்தை முழுதாகக் கொடுக்க வேண்டாம்.

இப்போது பஸ் நிலையத்துக்கு வருவோம். டீசல் பஸ் லீற்றருக்கு மூன்றரைக் கி.மீ. ஓடினால் கிலோமீற்றருக்கு 770 கிராம். 50 பேர் இருந்தால் ஆளுக்கு 15 கிராம். லீற்றருக்கு 45 கி.மீ. ஓடும் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனால் 51 கிராம். லீற்றருக்கு 12 கி.மீ. தரும் காரில் தனியாகப் போனால் 190க்கு மேல். நிலக்கரி மின்சாரத்தில் ஒருவர் போகும் ஆட்டோவில் 77. ஆக, நிறைந்து போகும் ஒரு பழைய டீசல் பஸ்ஸை இந்த வரிசையில் எதுவும் வெல்லவில்லை. இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் பஸ்ஸை நம்ப முடியாமல் வாங்கியவர்கள். அதனால் முதல் வேலை, பஸ்ஸில் இருப்பவர் இறங்கிப் போகாமல் பார்ப்பது.

ஏன் இறங்குகிறார்கள்? வாகனம் பழையது என்பதைவிட, எப்போது வரும் என்று தெரியாததுதான் பெரிய குறை. தனியார் பஸ்ஸில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வருமானம் அன்றைய வசூலில் இருக்கிறது. எனவே நிலையத்தில் என்ஜினைப் போட்டபடி நிறையும்வரை நிற்பார்கள், பிறகு முன்னால் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸைப் பிடிக்க விரட்டுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு, பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. நின்றபடி என்ஜின் ஓடினாலே மணிக்கு ஏறக்குறைய இரண்டு லீற்றர் டீசல் போகும். இதற்குத் தீர்வு தெரிந்ததுதான்: இ.போ.ச.வும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில் ஓடுவது, தலைக்கணக்கில் இல்லாமல் நேரம் தவறாமல் ஓடிய கிலோமீற்றருக்குப் பணம் கொடுப்பது, மாலை ஏழு மணிக்குப் பிறகு கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கம் கடைசி பஸ் ஒன்று நிச்சயமாக இருப்பது. கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை என்றால், காலையிலும் அவர் பஸ்ஸில் வரமாட்டார். இந்தச் சீர்திருத்தத்துக்குப் பற்றரி ஒன்றும் தேவையில்லை. இதைத் தள்ளிவைத்துவிட்டு மின்பஸ் வாங்கும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மின்பஸ்ஸில் இன்னொரு உண்மையும் இருக்கிறது, விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். ஆட்டோவில் கண்ட லாபம் பஸ்ஸில் தானாகக் கிடைக்காது. டீசல் என்ஜின் பெற்றோல் என்ஜினைவிடத் திறமையானது. குளிரூட்டி இல்லாத பெரிய பஸ் கிலோமீற்றருக்கு ஒரு யூனிற் எடுத்தால், நிலக்கரி மின்சாரத்தில் அது 1.1 கிலோ. டீசலின் 0.77ஐவிடக் கூட! மின்நிலையத்தில் யூனிற்றுக்கு 0.7 கிலோவுக்குக் கீழே வந்தால்தான் பஸ்ஸை மாற்றுவதில் காபன் லாபம் தொடங்குகிறது. எனவே மின்பஸ்ஸும் சூரிய மின்சாரமும் ஒன்றாகவே வர வேண்டும்.

இதற்குத் திருகோணமலை நல்ல இடம். சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் வரவிருந்தது, 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5இல் தொடக்க விழா நடந்தது. அது முழுதாக இயங்கினால் நல்ல வெயில் நாளில் 5 லட்சம் யூனிற் அளவு தர முடியும். நிலாவெளி, கிண்ணியா, கந்தளாய் போன்ற கிட்டிய வழிகளுக்குப் பத்து மின்பஸ், ஒவ்வொன்றும் நாளுக்கு 180 கி.மீ. என்று எடுங்கள். மொத்தம் 1,800 யூனிற்தான். மிச்சமாவது 514 லீற்றர் டீசல்.

பஸ் சாலையில் (டிப்போவில்) சார்ஜ் வசதி அமைக்கும்போது எல்லோரும் விடும் பிழை ஒன்று உண்டு. பத்து பஸ்ஸுக்குப் பத்து 60 கிலோவாற் சார்ஜர் என்று போட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று 800 கே.வீ.ஏ. மின்மாற்றி கேட்பார்கள். பாதி மின்சாரத்தை முற்பகல் 9 முதல் 12.30 வரை, பள்ளி நெருக்கடிக்கு இடையில், பஸ்களை மாற்றி மாற்றி நிறுத்தி ஏற்றினால் 260 கிலோவாற் போதும். மீதியை இரவு 10.30க்குப் பிறகு ஏற்றினால் 130 போதும். 400 கே.வீ.ஏ. மின்மாற்றியில் வேலை முடியும். உச்ச நேரத்தில் சார்ஜரே திறக்காதபடி மென்பொருளில் பூட்டி வைக்க வேண்டும். ஓட்டுநரின் நினைவை நம்பி விடக்கூடாது. கொழும்புக்கு ஓடும் சொகுசு பஸ்ஸை இப்போது தொடவேண்டாம். 260 கி.மீ.க்குக் குளிரூட்டியோடு 310 யூனிற் வேண்டும், வழியில் எங்கோ நிறுத்தி ஏற்றாமல் முடியாது. அந்தத் தூரத்துக்கு ரயில்தான்.

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது பயணிகளைவிடச் சரக்கு. கல் ஓயாவில் இருந்து திருகோணமலைக்கு வரும் பாதை 1927இல் திறந்தது. சீனக்குடாவில் கோதுமை மா ஆலை, பக்கத்தில் சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், எல்லாம் அந்தப் பாதையின் கடைசியில் இருக்கின்றன. 20 தொன் ஏற்றிய லொறி லீற்றருக்கு 3 கி.மீ. ஓடினால், ஒரு தொன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோக 11 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு. வெறுமையாகத் திரும்பினால் அதற்கும் மேல். ரயிலில் பொதுவாக இதில் மூன்றிலொரு பங்கே போகும். தடையாக இருப்பது என்ஜின் இல்லை. ஒற்றைத் தண்டவாளம், ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களுக்கிடையே நீண்ட தூரம், யானைகளுக்காக இரவில் வேகக் குறைப்பு. இங்கே மின்கம்பி இழுக்கும் செலவுக்கு நாளுக்கு ஓடும் ரயில்கள் போதாது. அந்தப் பணத்தில் ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களையும் சரக்கு ஏற்றும் மேடைகளையும் அமைத்தால் டீசல் ரயிலே பெரிய குறைப்பைத் தரும்.

நாட்டின் கணக்கும் இதே வரிசையில்தான் இருக்க வேண்டும். 2021இல் இலங்கை கொடுத்த வாக்கு, ஒன்றும் செய்யாமல் விட்டால் வெளியாகக்கூடிய பசுமை இல்ல வாயுவில் 2030க்குள் 14.5 சதவீதம் குறைப்பது, அதில் 4 சொந்தக் காலில், மீதி வெளி உதவி கிடைத்தால். 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்பதும் அதில் உண்டு. மேலே சொன்ன 0.7 என்ற கோட்டுக்கு எவ்வளவு கீழே போகிறோம் என்பது அதில் தங்கியிருக்கிறது. மின் கார்களுக்கு இப்போது மோட்டாரின் கிலோவாற்றைப் பார்த்து வரி போடுகிறார்கள். தனியார் கார் நாளுக்கு முப்பது நாற்பது கி.மீ. ஓடிவிட்டு மீதி நேரம் வாசலில் நிற்கும். வாடகை ஆட்டோ நூறு ஓடும், பஸ் நூற்றெண்பது ஓடும். சலுகை எங்கே போக வேண்டும் என்று ஓடும் தூரமே சொல்கிறது. பெரிய காருக்குச் சலுகை கொடுத்துவிட்டு ஆட்டோப் பற்றரிக்கு வரி போடுவது எனக்கு ஏற்புடையது அல்ல.

அளவு புரிய வேண்டுமென்றால் சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். இப்போது 99 நிற்கின்றன, ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் அளவு கொள்ளும். ஒரே ஒரு தாங்கி நிறைய டீசல் எரிந்தால் 32,000 தொன் காபனீரொட்சைட்டு. பதினோராயிரம் பெற்றோல் ஆட்டோக்கள் ஒரு வருடம் விடுவது அவ்வளவு.

கடைசியாக, உங்கள் தம்பி மாரிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது. மின் ஆட்டோ மழையில் ஓடும், வெள்ளத்தில் நிற்கக்கூடாது. பற்றரிப் பெட்டியின் அடிமட்டத்தைத் தரையில் இருந்து அளந்து, உடலில் வெளிப்பக்கமாக ஒரு கோடு கீறி வையுங்கள். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் தெருவில் தண்ணீர் அந்தக் கோட்டை எட்டும் என்று தெரிந்தால் திரும்பிவிட வேண்டும். வண்டி மூழ்கிவிட்டால் ஆன் பண்ணிப் பார்க்கவோ, சார்ஜில் போடவோ கூடாது. பிரதான சுவிட்சை இறக்கி, வீட்டுச் சுவரில் இருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். பெட்டிக்குள் போன உப்புத் தண்ணீர் நாட்கள் கழித்தும் செல்களில் குறுஞ்சுற்றை உண்டாக்கித் தீ வைக்கும். மெக்கானிக் பெட்டியைத் திறந்து, செல் ஒவ்வொன்றின் வோல்ற்றையும் அளந்து, எல்லாம் 0.05 வோல்ற்றுக்குள் ஒத்திருக்கிறது, அரிப்பும் ஈரமும் இல்லை என்று உறுதி சொன்ன பிறகே திரும்பச் சார்ஜ் போடலாம்.